இரவல் பெயர் – 14: தலைமேல் சத்தியம்

சிவராணிமேல் கோபப்பட்டு வருகிற கடிதங்கள் இந்த வாரமும் குறையவில்லை. "சோறு கட்டிக் கொடுத்த மனுசிக்குப் பொய் சொல்லிவிட்டு வந்தவளுக்கு நல்லது நடக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எனக்கும் அவள்மேல் கோபம் உண்டு. ஆனால் இந்த வியாழக்கிழமைக் காலையில் அவள் நிற்கிற நிலையைப் பார்த்தால் அதைச் சற்று ஒத்திவைக்கலாம் போலத் தோன்றுகிறது.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்குக் கதையை இரண்டு மூச்சில் சொல்லிவிடுகிறேன். மலைநாட்டிலிருந்து இறங்கி முருங்கன் பக்கம் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவள் சிவராணி. தொண்ணூறாம் ஆண்டு, பதினொரு வயதில், பேசாலைக் கரையில் படகேறி இராமேஸ்வரம் போனாள். முதலில் அகதி முகாம், பிறகு திருப்பூர். இருபத்தெட்டு வருடம் அந்த ஊரின் பனியன் கம்பெனிகளில் உழைத்தாள்.

மகள் மேகலா பிறந்ததும் திருப்பூரில்தான். ஆனால் முகாம் பதிவேட்டின்படி அன்றைக்குச் சிவராணி முகாமில் இருந்தாள். மாதாந்தக் கணக்கெடுப்பில் அவள் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் மச்சாள் ஒருத்தி எழுந்து நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் உண்மைப் பெயரைக் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும், குடும்பத்தையே பதிவேட்டிலிருந்து வெட்டிவிடுவார்கள் என்று பயம். அதனால் பக்கத்து அறை ராக்கம்மாவின் பெயரிலும் ரேஷன் கார்டிலும் படுத்துப் பிள்ளை பெற்றாள். பிறப்புச் சான்றிதழில் தாய் என்ற இடத்தில் ராக்கம்மா இருக்கிறாள், தகப்பன் என்ற இடத்தில் ராக்கம்மாவின் புருசன் இருக்கிறார்.

வருகிற மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இரண்டு பெண்களும் அப்போது பேசிக்கொண்டார்கள். அந்த வருகிற மாதத்துக்கு இப்போது பத்தொன்பது வயது.

நான்கு வருடங்களுக்கு முன், கணவன் கஜேந்திரனும் இறந்துபோய், வேலை செய்த கம்பெனியும் மூடப்பட்ட பிறகு, சிவராணி மகளோடு படகில் தலைமன்னார் வந்து இறங்கினாள். பிள்ளை இல்லாத, புருசனையும் இழந்துவிட்ட ராக்கம்மாவிடம், "முகாமில் கணக்கெடுப்பு, இரண்டு நாளில் வருவோம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை நடுக்கடலில் மணல் திட்டாகக் கிடக்கிற தீடையில் உட்கார்ந்துதான் இருவரும் பிரித்தார்கள். முகாமுக்கல்ல, ஒரேயடியாக இலங்கைக்குப் போகிறோம் என்பது மேகலாவுக்கும் அங்கே வைத்துத்தான் தெரிந்தது. அவள் அந்தச் சோற்றைத் தொடவில்லை.

இன்று மன்னார் கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், மேகலாவின் குடியுரிமைக்கான விசாரணை. அது சரிவந்தால் மேகலா கடதாசியிலும் சிவராணியின் மகள். சரிவராவிட்டால் அவள் ராக்கம்மாவின் மகள், இந்தியப் பிள்ளை, இங்கே விசா இல்லாமல் இருக்கிறவள். எந்த நாளிலும் திருப்பி அனுப்பலாம்.

*

சிங்கராசாவின் ஓட்டோ கடலை அடைத்துப் போட்ட தாம்போதிச் சாலையைத் தாண்டி நகருக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டது. நடுவீதியில் ஆறேழு கழுதைகள். அவற்றுக்கு எந்தக் கந்தோரிலும் விசாரணை இல்லை.

"ஹோர்ன் அடிங்கண்ணா" என்றாள் சிவராணி.

"அடிச்சா மட்டும் போயிருமா? அது அதுக்கு மனசு வந்தாத்தான் போகும்" என்றார் சிங்கராசா. சிவராணியின் அண்ணன். தொண்ணூறிலும் ஊரைவிட்டுப் போகாமல் காட்டிலும் கோயிலிலும் ஒளிந்து கிடந்தவர். கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தார். "என்ன மருமகள், வாயே திறக்கிறாயில்லை?"

"என்னத்தைப் பேசறதுங் மாமா" என்றாள் மேகலா.

"இண்டைக்கு முடிஞ்சா அடுத்த மாசம் ஐடி வந்திரும். சட்டை தைக்கிற காமன்ட்ஸில உன்னையும் எடுத்திருவாங்கள். கொம்மா லைன் சுப்பவைசர். நீ மெசின். பிறகென்ன?"

"பிறகு ஒண்ணுமில்லீங்."

அவள் 'ஒண்ணுமில்லீங்' என்று சொல்கிற விதத்தில் திருப்பூர் அப்படியே இருந்தது. அந்த 'ங்'கைக் கேட்டு ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவளுக்கு வைத்திருக்கிற பெயர் 'பனியன்'. நான்கு வருடமாக அவள் வீட்டுக்குள்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடம் சேர்க்கவில்லை, வேலைக்கு எடுக்கவில்லை, அவள் பெயரில் ஒரு சிம் கார்ட் வாங்கக்கூட முடியவில்லை. போன மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "திருப்பி அனுப்பினா அனுப்பட்டுமே. நம்ம ஊருக்குத்தானே போறேன்."

நம்ம ஊர்! சிவராணிக்கு அன்றிரவு கஞ்சி இறங்கவில்லை. இந்த ஊர் மண்ணில் மகளை நட்டுவிட வேண்டும் என்று அவள் கடல் தாண்டி வந்தாள். மகளுக்கோ 'நம்ம ஊர்' கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே அவளை மடியில் போட்டு வளர்த்த ஒருத்தி இன்னமும் அதே அறையில் தனியாக இருக்கிறாள். சிவராணி ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வரும்போது பிள்ளை குளித்து, சாப்பிட்டு, ராக்கம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கும். அந்தக் காட்சியைச் சிவராணி எத்தனை வருடம் வாசலில் நின்று பார்த்திருப்பாள்! சொன்னால் வெட்கம். அவளுக்குப் பொறாமை.

அதனால்தான் நேற்று அவள் அந்த வேலையைச் செய்தாள்.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரம், அவள் வேலை செய்கிற காமன்ட்ஸ் கன்ரீனுக்குப் பின்னால், கை கழுவும் குழாயடியில் நின்று ராக்கம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, நாளைக்குப் பத்தரைக்கு ஆபீசிலிருந்து வீடியோவில கூப்பிடுவாங்க. நீங்க அனுப்பின சத்தியக் கடதாசியில எழுதினதை உங்க வாயாலயும் கேக்கணுமாம்."

"கேக்கட்டும்த்தா. சொல்லிப்புடுறேன்."

"மூணு விசயம் சொல்லணும். ஒண்ணு, நான் பெறல. ரெண்டு, சிவராணிதான் பெத்தா, பேரு மட்டும் என்னது. மூணாவது…" சிவராணி குழாயை மூடினாள். "மூணாவது, அந்தப் பிள்ளை எனக்கு யாருமில்ல, எனக்கு அவ வேண்டாம்னு சொல்லணும்."

ராக்கம்மா எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"மொத ரெண்டும் நெசந்தான். சொல்லிறலாம். மூணாவத எதுக்குத்தா சொல்லணும்?"

"ஆபீசில கேக்கிறாங்க அக்கா. அப்பத்தான் செல்லுமாம்."

"அப்புடியா. அவுக கேட்டா சொல்லித்தான ஆகணும்" என்றாள் ராக்கம்மா. நான்கு வருடத்துக்கு முன் புளிச்சோறு கட்டும்போதும் இதே குரலில்தான், "ரெண்டு நாளைக்குக் கெடாது, எடுத்துட்டுப் போத்தா" என்று சொன்னாள்.

கழுதைகளுக்கு மனசு வந்தது. ஓட்டோ நகர்ந்தது.

*

விசாரணை அதிகாரி பஸ்மினாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எருக்கலம்பிட்டிப் பெண். மேசையில் கோப்புகள் இரண்டு பக்கமும் உயரமாக இருந்தன. நடுவில் இருந்த இடைவெளியில் அவளுடைய முகம் தெரிந்தது.

"வாங்கோ. இருங்கோ. மகள், நீங்களும் அந்தக் கதிரையில இருங்கோ. நீங்க ஆர், மாமாவா? நீங்க வெளியில இருந்தாக் காணும்."

சிங்கராசா ஏமாற்றத்தோடு வெளியே போனார். சாட்சி சொல்வதற்காகவே கஞ்சி போட்ட சேட் உடுத்தி வந்திருந்தார்.

"அக்கா, இரத்தப் பரிசோதனை எல்லாம் கொழும்பில செய்யலாம்" என்றாள் பஸ்மினா. "அதுக்கு முதல் நான் மூண்டு பேரையும் கேட்டு எழுதோணும். உங்களை, சான்றிதழில இருக்கிற அந்தத் தாயை, இந்தப் பிள்ளையை. பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சபடியா அவட கையெழுத்து இல்லாம ஒண்டும் நகராது. விளங்குதா?"

"ஓம் மிஸ்."

"திருப்பூரில இருந்ததுக்கு என்ன அத்தாட்சி இருக்கு? கம்பெனிக் கடிதம், சம்பளத் துண்டு, வாடகை ரசீது?"

"ஒண்டுமில்லை மிஸ்."

"இருபத்தெட்டு வருசம் இருந்திருக்கிறீங்கள்."

"ஓம் மிஸ். ஆனா நாங்க அங்க இல்லாத ஆக்கள். முகாமில இருக்கிறதாத்தானே கணக்கு. கம்பெனியில வேற பேர் குடுத்தனான்."

பஸ்மினா பேனையை வைத்தாள். "சரி, கடதாசி இல்லாட்டி வாயால சொல்லுங்கோ. இருந்த ஆளுக்குத்தான் தெரியிற மாதிரிச் சொல்லுங்கோ."

சிவராணி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து தொடங்கினாள். முதல் நான்கு வரி மன்னார்த் தமிழில் கவனமாக வந்தது. பிறகு திருப்பூர் எப்படித்தான் உள்ளே புகுந்ததோ, அவளுக்கே தெரியவில்லை.

"நான் போனது தொண்ணூத்தி மூண்டில மிஸ். பதினாலு வயசு. அப்ப அது அவ்வளவு பெரிய ஊரில்லை. ஒரு வீட்டு முன்னறையில நாலு மெசின் போட்டா அது கம்பெனி. பின்னால மாடு கட்டியிருக்கும். அடுத்த வருசம் பார்த்தா மாட்டை வித்துட்டு அந்தத் தொழுவத்திலயும் நாலு மெசின். அதுக்கடுத்த வருசம் மேல ஒரு மாடி. தோட்டம் வச்சிருந்தவங்க எல்லாம் கிணத்தைச் சுத்தி வரிசையா அறை கட்டி வாடகைக்கு விட்டாங்க. எங்க காம்பவுண்டில பதினெட்டு அறை, ரெண்டு கக்கூஸ்."

"நீங்க என்ன வேலை?"

"மொதல்ல கைமடிங்க. டைலர் தைக்கத் தைக்க, பக்கத்தில நின்னு துணியை மடிச்சு மடிச்சுக் குடுக்கணும். அப்புறம் செக்கிங். அப்புறம் ஓவர்லாக் டைலர். ஒவ்வொரு கம்பெனிக் கேட்டிலயும் பலகை தொங்கும் மிஸ். டைலர் தேவை, கைமடி தேவை, செக்கிங் தேவை. நீ யாரு, எந்த ஊருன்னு கேக்க அந்த ஊருக்கு நேரமே இருந்ததில்ல. அதுதான் எங்களுக்குப் புடிச்சுது."

மேகலா நிமிர்ந்து பார்த்தாள். அம்மா இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அம்மாவின் கண்ணில் அந்த ஊர் தெரிந்தது. பிடிக்கும் என்று ஒரு நாளும் சொன்னதில்லையே, இப்போது சொல்கிறாளே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"மொதல்ல சுத்துப்பட்டு ஆளுங்க வேலை செஞ்சாங்க. அப்புறம் மதுரை, தேனிப் பக்கமிருந்து பஸ் பஸ்ஸா வந்தாங்க. ராக்கம்மா அக்கா அப்பிடி வந்தவங்கதான், உசிலம்பட்டிப் பக்கம். எங்களை மாதிரி முகாம் ஆளுங்க நடுவுல கலந்துகிட்டோம். கடைசியா இந்திக்காரங்க. ஒரு தெருவுக்குள்ள எத்தனையோ பாசை. எல்லாரும் ஒரே நேரத்தில டீ குடிப்போம்."

"உங்கட ஹஸ்பன்?"

"சாயப்பட்டறை மிஸ். ராத்திரி நீலக் கையோட வருவார், இல்லைன்னா செவப்பு. சோறு பிசைஞ்சா சோத்திலயும் ஒட்டும். எங்க கிணத்துத் தண்ணியும் அப்பிடித்தான், என்ன ஆர்டர் ஓடுதுன்னு தண்ணியைப் பாத்துச் சொல்லிரலாம். நொய்யல் ஆறும் அதே நிறத்தில ஓடும். அப்புறம் கோர்ட்டு பட்டறையெல்லாம் மூடச் சொல்லிச்சு. எட்டு மாசம் அவருக்கு வேலை இல்ல. ஊருக்கு அது நல்லதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நல்லதுதான். ஆனா அவர் நெஞ்சுக்குள்ள போன சாயத்தை எந்தக் கோர்ட்டாலயும் மூட முடியல."

அவள் நிறுத்தினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"முன்னறையில இருந்த கம்பெனி எல்லாம் இப்ப கண்ணாடிக் கட்டிடம் மிஸ். மேம்பாலம் வந்திட்டுது. உலகத்தில எந்தெந்த ஊரிலயோ பிள்ளைங்க போடுற சட்டையில என் தையல் இருக்கும். அந்த ஊர் வளர்ந்ததில எங்க கையும் இருக்கு. அதுக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட என்னட்ட இல்ல."

பஸ்மினா கோப்பைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

"நான் பிறந்தது புத்தளத்தில" என்றாள். "எங்கட முஸ்லிம் ஆக்களும் தொண்ணூறில இங்கயிருந்து விரட்டுப்பட்டுப் போனவங்கதான். இருபது வருசம் இன்னொரு ஊர் விலாசத்தில வாழ்ந்தம். கடதாசியில இல்லாம இருக்கிறதெண்டா என்னெண்டு எனக்குத் தெரியும்." பிறகு குரலைத் திருத்திக்கொண்டாள். அதிகாரி திரும்பி வந்துவிட்டாள். "ஒரே ஒரு கேள்வி. இதையே நான் அந்தத் தாயிட்டயும் கேப்பன். பிள்ளை பிறந்த உடன என்ன துணியில சுத்தினீங்கள்?"

சிவராணி தயங்கவே இல்லை. "மஞ்சள் பனியன் துணி மிஸ். வாத்துப் படம் போட்டது. பிரிண்ட் தலைகீழா விழுந்து கழிச்சுப் போட்ட லாட். செக்கிங்கில நான்தான் அதைக் கழிச்சனான். தூக்கிப் போடப் போனாங்க, கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

*

பத்தரைக்கு, சிவராணியின் போனைக் கோப்புகளின் மேல் சாய்த்து வைத்தார்கள். திரையில் சுவர் தெரிந்தது, பிறகு ஒரு காது, பிறகு ராக்கம்மா. நான்கு வருடத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. மேகலா சட்டென்று முன்னால் வந்தாள்.

"பெரியம்மா!"

"மகள், கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் பஸ்மினா. "அம்மா, நான் சொல்றது கேக்குதா? இந்தப் பிள்ளை பிறந்த நேரம் என்ன துணியில சுத்தினது?"

"கேக்குதுங்க. மஞ்சத் துணிங்க. வாத்தெல்லாம் தலைகீழா நிக்கும். பிள்ளையத் தலைகீழாப் புடிச்சாத்தான் வாத்து நேரா நிக்கும்னு நான் கேலி பண்ணுவேன்." அவள் பக்கத்திலிருந்து எதையோ எடுத்துக் காட்டினாள். மஞ்சள் வெளுத்து வெள்ளையாகியிருந்தது. வாத்துகள் மட்டும் இருந்தன. "இந்தா இருக்கு பாருங்க."

பஸ்மினா சிரித்துவிட்டாள். கந்தோரில் அவள் சிரிப்பது அபூர்வம் என்று பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்ததிலேயே தெரிந்தது.

"பிள்ளையைப் பெத்தது ஆர் அம்மா?"

"சிவராணிங்க. நான் பெறல. பேரு மட்டுந்தான் என்னது."

"நல்லது. அவ்வளவுந்தான்…"

"இருங்க, இன்னொண்ணு இருக்குங்க" என்றாள் ராக்கம்மா.

சிவராணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். வேண்டாம் அக்கா, அவ்வளவு போதும் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லியிருக்கலாம். அரை வினாடி இருந்தது. சொல்லவில்லை.

"ஏத்தா மேகலா, தலையக் கொஞ்சம் இங்கிட்டுக் குனி தாயி."

மேகலா எதற்கென்று தெரியாமல் போனுக்கு முன்னால் தலையைக் குனித்தாள். ராக்கம்மா வலது கையை நீட்டினாள். கை பெரிதாகிக்கொண்டே வந்து திரையை மூடிற்று. மன்னாரில் இருந்த போன் முழுவதும் ஒரு உள்ளங்கையின் இருட்டு.

அந்த இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இந்தப் பிள்ள எனக்கு யாருமில்ல. எனக்கு இவ வேண்டாம். இது இவ தலமேல சத்தியம்."

சிவராணி விறைத்துப் போனாள். சொல்லச் சொன்னது அவள்தான். சத்தியம் பண்ணச் சொல்லவில்லை. ராக்கம்மாவின் ஊரில் பிள்ளை தலைமேல் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. அப்படி மீறிய ஒருத்தியின் பிள்ளை கிணற்றில் விழுந்த கதையை ராக்கம்மா அந்தக் காம்பவுண்டில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள்! வெள்ளந்தி மனுசி. கந்தோர் கேட்கிறது என்றால் சும்மா சொன்னால் போதாது என்று அவளாகவே நினைத்திருக்கிறாள்.

கை விலகியது. திரையில் சுவர் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

"இதென்ன?" பஸ்மினா குழம்பிப்போய்ப் பார்த்தாள். "வேண்டாமெண்டு சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லையே. கடதாசிக்கும் அது தேவையில்லையே. ஏன் அவ அப்பிடிச் சொன்னவ?"

மேகலா மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். முதலில் போனைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். சிவராணி பார்வையை மேசையில் வைத்திருந்தாள். அதுவே போதுமாக இருந்தது.

"நீயா சொல்லச் சொன்னே?"

"கண்ணு, உன்னோட நன்மைக்குத்தான்…"

"கணக்கெடுப்புக்குப் போறோம்னு சொன்னியே, அது மாதிரியா?"

பஸ்மினா படிவத்தைத் திருப்பி மேகலாவின் பக்கம் நகர்த்தினாள். அவளுக்கும் சங்கடம். ஆனால் வரிசையில் வெளியே இன்னும் இருபது பேர். "மகள், அந்தத் தாய் சொன்னது எனக்குப் போதும். நீங்களும் ஒப்பம் வச்சா கோப்பு செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போகும். இதில, தாயின் பெயர் எண்டிருக்கிற இடத்தில, உங்கட கையால எழுதி, கீழ கையெழுத்து."

மேகலா பேனையை எடுத்தாள். கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம், இதில ரெண்டு பேர் எழுத முடியாதுங்களா?"

பஸ்மினா படிவத்தை இன்னொரு தரம் பார்த்தாள். "ஒரு கோடுதான் மகள் இருக்கு."

மேகலா பேனையை மூடி, படிவத்தின்மேல் நேராக வைத்தாள். கோபமாக வீசியிருந்தால்கூடச் சிவராணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கு இப்ப எழுத வரலீங்."

"திங்கக்கிழமை நாலு மணி வரைக்கும் வச்சிருப்பன்" என்றாள் பஸ்மினா. சிவராணியைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சேர்த்தாள்: "அதுக்குப் பிறகு வந்தா இந்தக் கோப்பை மூடிப்போட்டு, பழைய சான்றிதழ்ப்படி அறிக்கை அனுப்பவேண்டி வரும். வேற வழியில்லை அக்கா."

*

வெளியே வெயில் ஏறியிருந்தது. சிங்கராசா ஓட்டோவுக்குள் இருந்தபடி, "சரிதானே? முடிஞ்சுதா?" என்று கேட்டார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறவரைப் போல ஓட்டோவின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

மேகலா கையை நீட்டினாள். "போனைக் குடு."

சிவராணி கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்? 'குடும்மா' என்று சொல்கிற பிள்ளை இன்றைக்கு 'குடு' என்று நிறுத்திக்கொண்டது அவளுக்குக் கேட்டது.

முதல் தரம் மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தரமும் ஓய்ந்தது. மூன்றாம் தரம் எடுத்தார்கள். மேகலா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"பெரியம்மா, நான்தான். எனக்குத் தெரியும், நீ மனசோட சொல்லல. அம்மா சொல்லச் சொன்னாங்க. ஆபீசில யாரும் அப்படிக் கேக்கவே இல்ல. உன்னை ஏமாத்திட்டாங்க பெரியம்மா."

அந்தப் பக்கம் தூரத்தில் எங்கேயோ தையல் மெசின்கள் ஓடுகிற சத்தம். அந்தச் சத்தம் அந்தத் தெருவில் ஒரு நாளும் நின்றதில்லை.

"பேசு பெரியம்மா."

"யாரு பேசுறது?" என்றாள் ராக்கம்மா. "எனக்கு அப்புடி யாரும் இல்லீங்க. பேச முடியாதுங்க. சத்தியம் பண்ணிப்புட்டேன்."

"பெரியம்மா!"

"பக்கத்துல சிவராணி இருந்தா அவ கையில குடுங்க."

மேகலா அப்படியே நின்றாள். பதினைந்து வயது வரை அவளை 'ஏய் வாத்து' என்று கூப்பிட்ட வாய் இப்போது அவளுக்கு 'ங்க' போடுகிறது. அந்த இரண்டு எழுத்தில் அவளுடைய கண் நிறைந்துவிட்டது. போனைத் தாயின் கையில் வைத்தாள்.

சிவராணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்த உறவு அறுந்தால் மகள் தன் பக்கம் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டவள் அவள். இப்போது அறுந்தே விட்டது. ஆனால் ஒன்றும் அவள் பக்கம் வரவில்லை.

"அக்கா" என்றாள். "என்னை மன்னிச்சிருங்கக்கா. அந்தச் சத்தியம் செல்லாதக்கா. நான்தான் பொய் சொன்னேன்."

"நீ பொய் சொன்னது ஒன்னோட போச்சு. நான் கை வச்சது அவ தலமேல. அத எப்புடித்தா மாத்துறது? எனக்குப் பயமா இருக்கு." ராக்கம்மா மூக்கை உறிஞ்சினாள். "நான் இனிமே அவகிட்டப் பேசக் கூடாது. ஒன்கிட்டப் பேசலாமில்ல? ஒண்ணு மட்டும் கேக்குறேன், நீ சொல்லு. புள்ள மொகம் வாடியிருந்துச்சே, காலைல எதாச்சும் சாப்புட்டாளா?"

சிவராணி மகளைப் பார்த்தாள். மேகலா ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கந்தோர் வாசலையே பார்த்தபடி நின்றாள். கண்ணைத் துடைக்கவில்லை. போனுக்குக் கேட்கிற அளவு சத்தமாகத்தான் சொன்னாள்.

"சாப்பிடலைன்னு சொல்லு. திங்கக்கிழமை வரைக்கும் சாப்பிடமாட்டாள்னும் சொல்லு. அதுக்குள்ள சத்தியத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு நீங்க ரெண்டு பேரும் உக்காந்து யோசிங்க."